இன்புளூயன்ஸா ஜுரமும் சங்கத்தார் கடமையும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



காவேரிப் பாசன நாட்டில் குறுவை அறுவடையும் சம்பா, தாளடி நடவும் ஒன்றையொன்று தொட்டு வரும் காலம் புரட்டாசியும் ஐப்பசியுமாகும். அப்போது வயலில் ஆள் தேவை மிகுதி. களத்தில் கூட்டம் மிகுதி. அடைமழையினால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் நெருங்கியிருப்பதும் மிகுதி. இன்புளூயன்ஸா என்னும் ஜுரம் தமிழ்நாட்டில் அதிகமாய்ப் பரவுகிற காலமும் பெரும்பாலும் இதுவே. இந்தியாவின் மற்றப் பல பாகங்களில் அந்நோய் தென்மேற்குப் பருவ மழையோடு மிகுகிறது. இங்கேயோ வடகிழக்குப் பருவ மழையோடு கூடி வருகிறதென்று ஆராய்ந்தோர் கண்டிருக்கின்றனர். ஆகவே, பயிர்வேலை ஒரு நாளும் நிற்கக்கூடாத சமயத்தில், படுக்கையை விட்டு எழக்கூடாத வியாதி வந்து சேருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுத் தவிப்பவன் அன்றாடக் கூலியை நம்பிப் பிழைப்பவன். இப்பிரசங்கம் முக்கியமாக அவனைக் குறித்ததேயாகும்.

இந்த ஜுரம் எவ்வளவு கொடுமை செய்யக்கூடியதென்பதற்கு 1918-ம் வருஷம், அதாவது காளயுக்தி வருஷம், சாக்ஷியாக நிற்கிறது. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் தோன்றிய ஜுரம், ரெயில் பாதை சென்ற இடமெல்லாம் சென்றது. முதல் தடவை அது சாதாரணமாய் வந்து போயிற்று; ஜனங்கள் அசட்டையாயிருந்தனர். செப்டம்பருக்குப் பின் இரண்டாந்தடவை வந்தபோது ஊர் ஊராய் மனிதரை வாரிக்கொண்டு போயிற்று. இந்தியாவில் மாத்திரம் 1 கோடியே 20 லட்சத்திலிருந்து 2 கோடி பேர் வரையில் மாண்டிருக்கலாமென்று கணக்கிட்டோர் கூறுகின்றனர். மத்திய மாகாணத்திலும் பம்பாயிலும் நேர்ந்த சாவைப் பார்க்கிலும் சென்னை இராஜதானியின் சாவு குறைவே. ஆயினும் தஞ்சாவூர் ஜில்லா தப்பவில்லை. 1911-ம் வருஷ ஜனக் கணக்கில் சுமார் 23 லட்சத்து 60 ஆயிரம் பேர் இருந்த அந்த ஜில்லாவில், 1921-ம் வருஷத்தில் சுமார் 23 லட்சத்து 26 ஆயிரம் பேரே எண்ணப்பட்டனர். இராஜதானி முழுவதிலும் ஜனத்தொகை அப்பத்து வருஷங்களில் சிறிது கூடியிருக்க, நெற்களஞ்சியமென்று பேர் பெற்ற இந்த ஜில்லாவில் அது குறைந்தது. கப்பலேறி மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களும் அக்குறைவில் உண்டு. ஆகையால் முழுவதும் ஜுரத்தின் வேலை என்று சொல்லலாகாது. ஆயினும் அதில் ஜுரத்தின் பங்கு பெரியதென்பதில் சந்தேகமில்லை.

அவ்வருஷம் ஏன் அத்தனை பேர் மாண்டனர்? கிருமியின் கடுமை ஒரு காரணம். அன்றியும் தென்மேற்குப் பருவ மழை பொய்த்திருந்தது. யுத்தத்தினால் கப்பல்கள் அகப்படாமையால் பர்மா அரிசி வேண்டிய அளவு வரவில்லை. விலை ஏறி, செப்டம்பர் மாதத்தில் சென்னைப் பட்டணத்தில் தானியக் கடைகளைக் கொள்ளையிடும்படியான நிலைமை உண்டாயிற்று. வைத்தியர்களில் அநேகர் யுத்த ஊழியத்துக்குப் போயிருந்தனர். பசித்த தேகம், விலையேறிய அரிசி, இல்லாத வைத்தியர் ஆகிய இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் ஜுரம் வந்தது.

இன்னொரு காரியமும் அக்காலத்தில் கவனிக்கப்பட்டது. இறந்தவர்களில் கிழவரையும் குழந்தைகளையும் மாத்திரமன்றி, இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்ட திடகாத்திரர்களையும் அது மிகுதியாய்க் கொண்டு போயிற்று. இந்தியாவில் ஆண்களைப் பார்க்கிலும் பெண்களை அதிகமாய்க் கொண்டு போயிற்று. புருஷனும் பிள்ளைகளும் படுத்த வீட்டில், தனக்கும் ஜுரம் கண்டபின் எழுந்து தண்ணீர் சுமந்து கஞ்சி காய்ச்சியவள் அவளே. ஓய்வு மறுக்கப்பட்ட தேகத்தின்மேல் அந்நோய் இரட்டிப்பு வலிமை கொள்ளும். ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டால், வாயில் தண்ணீர் விடுவாரின்றி மாள்வோரும் உண்டு.

நிற்க. அக்காலத்துப் பண்டிதர்கள் இந்நோயின் காரணத்தையே சரியாய் அறியவில்லை. ஜெர்மானியரான பைபர் 1892-ம் வருஷத்தில் கண்ட ஒரு கிருமியே காரணமென்று எண்ணினர். உண்மையான காரணம் அதைவிட மிகச் சிறிய வைரஸ் என்பது, 1933-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவரால் நிரூபிக்கப்பட்டது. அது இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளிப்படும் சிறு திவலைகளாலும், காற்றோட்டமில்லாத அறையில் தங்கும் சுவாசத்தாலும், அசுத்தமான கைகளாலும் பரவுகிறது. தொத்திய ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் ஜுரம், உடல் வலி, தலைவலி, வறட்டு இருமல் ஆகியவை காணும். ஜுரம் காண்பதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குத் தொத்தும். கண்ட பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரையில் தொத்தும். முதல் மூன்று நாட்களே மிகவும் கெட்டவை. அந்த மூன்று நாட்களில்தான் ஏழை ஒருவன், 'இன்னும் நிற்க முடிகிறதே' என்று எண்ணி வேலைக்குப் போகிறான்.

இதிலிருந்து விளங்குவது யாதெனில், இந்நோயை ஊரில் அடக்குவதென்பது நோய் கண்டவனை வீட்டில் படுக்கச் செய்வதேயாகும். ஆனால், 'படுத்துக்கொள்' என்று சொல்லுவது எளிது. படுத்தால் அன்றைக்கு உலை எப்படி வைப்பது? நடவு முடியுமுன் ஆளை மாற்றிவிட்டால் அடுத்த வாரம் வேலை யார் கொடுப்பார்? தவணைக் கடன் எப்படிச் செலுத்துவது? இக்கேள்விகளுக்கு விடை சொல்லாமல் சுகாதார உபதேசம் மாத்திரம் செய்வது, தண்ணீர் விடாமல் நாற்றுக்கு எரு இடுவதை ஒக்கும். அவ்விடையைத் தரத்தக்க ஸ்தாபனம் கிராமத்தில் ஒன்று இருக்குமாயின், அது கூட்டுறவுச் சங்கமே.

கூட்டுறவு இயக்கத்தின் பிறப்பே இதற்குச் சான்று. ஜெர்மனியில் வையர்புஷ் என்னும் கிராமத்தின் தலைவராயிருந்த ரைபைசன், 1846-47-ம் வருஷத்துப் பஞ்சத்தில், வசதியுள்ளவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்து ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். கடன் சங்கங்கள் பின்னால் வந்தவை. பசித்தவனுக்கு ஆகாரம் தந்ததே முதலாவது. அவர் வழியைச் சென்னை இராஜதானிக்குப் பரிந்துரை செய்தவர் சர் பிரடெரிக் நிக்கல்ஸன். 1904-ம் வருஷத்துச் சட்டத்தின் பிறகு ஐக்கிய நாணய சங்கங்கள் என்ற பெயரால் கிராமந்தோறும் தோன்றியவை அம்மரபைச் சேர்ந்தவையே.

அச்சங்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு வரையறையற்ற பொறுப்பு இருந்தது. ஒருவன் கடனுக்கு மற்ற எல்லோரும் பொறுப்பாளிகள். அது மிகக் கடுமையான நிபந்தனையென்று சிலர் அஞ்சினர். கடன் விஷயத்தில் அது சட்டத்தினால் உண்டாக்கப்பட்டது; சுவாசத்தின் வழியாய்ப் பரவும் வியாதி விஷயத்திலோ யாரும் உண்டாக்காமலே இருக்கிறது. சேரியில் ஒருவன் இருமினால் அது மிராசுதார் வீட்டுத் தொட்டில் வரையில் போகும். மிராசுதார் வீட்டுப் பிள்ளை பட்டணத்திலிருந்து கொண்டு வந்தது களத்து மேட்டு வழியாய்ச் சேரிக்குப் போகும். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் வாய்க்கால் இருக்கலாம். காற்றுக்கு வாய்க்கால் இல்லை.

சட்டமும் இதற்கு இடங்கொடுத்தே வந்திருக்கிறது. 1912-ம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டத்தின் 34-வது பிரிவு, நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேமநிதிக்கு எடுத்துவைத்த பிறகு, மீதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல், ரிஜிஸ்திராரின் அனுமதி பெற்று, தர்ம காரியங்களுக்குக் கொடுக்கலாமென்று விதித்தது. தர்ம காரியமென்பதில் ஏழைகளின் சம்ரக்ஷணையும் வைத்திய உதவியும் அடங்கும். இக்காலச் சங்கங்கள் தங்கள் துணைவிதிகளைப் பார்த்து, பொது நலத்துக்கென உள்ள நிதியை எவ்வாறு உபயோகிக்கலாமென்று ஜுரம் வருவதற்கு முன்னே நிச்சயித்துக்கொள்வது நல்லது. வீடு பற்றிய பின் கிணறு வெட்டுவதில் பிரயோஜனமில்லை.

இனி, சங்கத்தார் செய்யத்தக்கவை.

முதலாவது, வீட்டுக் கணக்கு. ஆவணி மாதத்துக்குள், பத்து வீட்டுக்கு ஓர் அங்கத்தினர் பொறுப்பு ஏற்க வேண்டும். தனியே வசிக்கும் முதியோர், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், நீரிழிவு, இருதய நோய், ஆஸ்துமா முதலியன உள்ளவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றனரென்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இவர்களுக்கே ஆபத்து அதிகம். வருஷத்துக்கொரு முறை போட்டுக்கொள்ளும் தடுப்பூசி உண்டு. அது பலன் தர இரண்டு வாரம் வரையில் செல்லுமாகையால், மழைக்கு முன்னரே வைத்தியரைக் கேட்டு இவர்கள் போட்டுக்கொள்வது உசிதம்.

இரண்டாவது, கஞ்சி. எல்லோரும் படுத்துவிட்ட வீட்டுக்கு ஊரார் கஞ்சி கொண்டு வைக்க வேண்டும். செலவைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. ஒரே சமயத்தில் பத்து வீடுகள் படுத்தன என்று வைத்துக்கொண்டாலும், வீடொன்றுக்கு நாளைக்கு இரண்டு கிலோ அரிசி வீதம் ஐந்து நாளைக்கு ஆவது 100 கிலோ. ஒரு கிராமத்தால் இயலாத தர்மமா இது? கொண்டு செல்பவர் வாசலில் வைத்துக் குரல் கொடுத்துத் திரும்பிவிடலாம். எழ முடியாதவர்களுக்கு மாத்திரம் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு உள்ளே சென்று கொடுக்கலாம்.

மூன்றாவது, கூலி. இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். ஜுரம் கண்ட தொழிலாளிக்கு ஐந்து நாள் கூலியைச் சங்க நிதியிலிருந்தோ, நிலமுடையோர் சேர்ந்து போட்ட தொகையிலிருந்தோ கொடுக்க வேண்டும். இது தயவு மாத்திரமன்று, கணக்கும் அதுவே. ஜுரத்தோடு வந்த ஓராள் மற்ற இருவரைப் படுக்க வைத்தானாயின், ஆளுக்கு ஐந்து நாளாகப் பத்து நாள் வேலை நஷ்டம். அவ்விருவரும் தலைக்கு இருவரைப் படுக்க வைத்தால் மேலும் இருபது நாள். நடவு தவறிய சம்பாவின் நஷ்டம் வேறு. ஐந்து நாள் கூலி இதற்கெல்லாம் எம்மாத்திரம்? படுத்தவன் எழுந்து வரும்போது அவனுடைய வேலை அவனுக்கே உண்டென்று நிலமுடையோர் வாக்குக் கொடுப்பதும் அவசியம். அவ்வாக்கு இல்லாவிட்டால் அவன் ஜுரத்தை மறைப்பான். மறைத்த ஜுரமே ஊரைக் கெடுக்கும்.

நான்காவது, தவணை. ஜுரத்தால் படுத்த அங்கத்தினரின் தவணைக்கு விதிகளுக்குட்பட்டுக் கெடு நீட்டித்தல் வேண்டும். கடன் வசூலில் கண்டிப்பு நல்லதே. ஆயினும் கடன்காரன் பிழைத்திருந்தாலன்றோ கடன் வசூலாகும்!

ஐந்தாவது, கூட்டம். 1918-ம் வருஷம் செப்டம்பர் 28-ம் தேதி அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தார் யுத்தக் கடனுக்காகப் பெரிய ஊர்வலம் நடத்தினர். சுமார் 2 லட்சம் பேர் கூடினர். சில நாட்களுக்குள் அந்நகரத்து ஆஸ்பத்திரிகள் நிரம்பின. செயிண்ட் லூயிஸ் நகரத்தாரோ நோய் தலைகாட்டியவுடனே பள்ளிகளையும் நாடக சாலைகளையும் மூடினர்; அங்கே சாவு மிகக் குறைந்தது. ஆகவே நோய் பரவியிருக்கும் வாரங்களில் மகாசபைக் கூட்டத்தை ஒத்திவைக்கலாம். ஒத்திவைக்க இயலாததைத் திறந்த வெளியில் நடத்தலாம். உரமும் கடனும் வழங்குவதற்குத் தெருவுக்கு ஒரு நாளும் வேளையும் குறிக்கலாம். இது புதிதன்று. கொரோனா நோய் பரவிய 2020-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் குடும்பத்துக்கு 1,000 ரூபாயும் விலையில்லாத அரிசி முதலியனவும், நாளும் நேரமும் குறித்த டோக்கன் மூலம் வழங்கப்பட்டன. அக்கடைகளில் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவையே. அவ்வருஷம் செய்து காட்டிய ஒழுங்கை இந்த ஜுரத்துக்கும் செய்யலாம்.

வயலில் நடவு நடுவது திறந்த வெளியில் நடப்பதாகையால் அங்கே ஆபத்து குறைவு. சரக்கு வண்டியில் நெருக்கி ஏறிப் போவதும், மழைக்கு ஒரே கொட்டகையில் ஒதுங்குவதும், ஒரே குவளையில் தண்ணீர் குடிப்பதுமே அதிக ஆபத்து. இவற்றைத் தவிர்க்கும் ஏற்பாட்டை வேலைக்கு அழைப்பவர் செய்ய வேண்டும்.

திருவிழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசி மாதம் முழுவதும் மயிலாடுதுறையில் துலா ஸ்நானம். கடைசி நாள் கடைமுகம். கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. நடக்க இயலாத பக்தன் ஒருவன் ஒரு நாள் கழித்து வந்து சேர்ந்தும், அவனுக்குப் பலன் குறையவில்லையென்பது ஐதிகம். ஜுரம் கண்டவர் இதைச் சிந்திப்பாராக. தேகம் இடங்கொடாமல் தாமதித்தவனுக்குக் காவேரியே ஒரு நாள் ஒதுக்கி வைத்திருக்கையில், இருமிக்கொண்டே நெரிசலுக்குள் நுழைய வேண்டிய அவசியமென்ன?

வீட்டில் செய்ய வேண்டிய பணிவிடை பின்வருமாறு. நோயாளியைக் காற்று வரும் இடத்தில், கூடுமானால் தாழ்வாரத்திலோ தனி அறையிலோ, மழைச் சாரல் படாமல் படுக்க வைக்க வேண்டும். ஜன்னலைச் சாத்தலாகாது. பணிவிடை செய்பவர் ஒருவராயிருத்தல் நலம். அவர் முகத்தை மூடிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் சோப்பினால் கை கழுவ வேண்டும். நோயாளியும் இருமும்போது துணியால் வாயை மூட வேண்டும். கண்ட இடத்தில் துப்பலாகாது. தண்ணீரும் உப்பிட்ட கஞ்சியும் சிறிது சிறிதாய் அடிக்கடி கொடுக்க வேண்டும். ஜுரத்துக்குப் பாராசிட்டமால் மாத்திரை வைத்தியர் சொன்ன அளவில் கொடுக்கலாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் ஒருபோதும் கூடாது. சுக்குக் கஷாயமும் நிலவேம்பும் குடிக்க வேண்டாமென்பதில்லை. அவற்றை நம்பி வைத்தியரிடம் போகாமலிருப்பதே தவறு. கடையில் தாமாகவே ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கி விழுங்குவதும் தவறு. அது வைரஸைக் கொல்லாது. வைரஸுக்கென்றே உள்ள மருந்து ஜுரம் கண்ட இரண்டு நாளைக்குள் தொடங்கினால் மிகுந்த பலன் தரும். ஆகையால் முன் சொன்ன ஆபத்துக்குரியவர்கள் முதல் நாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

மூச்சுத் திணறல், மார்பு வலி, உதடு நீலம் பூத்தல், புத்தி தடுமாறல், சிறுநீர் இறங்காமை, குழந்தை பால் குடியாமை, ஜுரம் தணிந்து மறுபடியும் ஏறுதல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் ஒரு நிமிஷமும் தாமதியாமல் 108-ஐ அழைக்க வேண்டும். ஜுரம் தணிந்து ஏறுவது நிமோனியாவின் அடையாளமாயிருக்கலாம். 1918-ம் வருஷத்தில் மாண்டவர்களில் அநேகர் அதனாலேயே மாண்டனர். பெனிசிலின் அக்காலத்தில் இல்லை. இன்று அதற்குச் சிகிச்சை உண்டு. காலத்தில் போய்ச் சேரவேண்டியது மாத்திரமே பாக்கி. ஜுரம் கண்டு ஐந்து நாளாகி, மாத்திரையில்லாமலே ஒரு முழு நாள் ஜுரமற்றிருந்த பிறகு வேலைக்குத் திரும்பலாம்.

கடைசியாக, வீட்டு மனை. டெல்டாவில் நஞ்சைக்கு நடுவில் மேடான நிலம் சொற்பம். அதிலேயே குடிசைகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. மனையும் மிராசுதாரருடையதாயிருந்தது. 1920-களில் சர்க்கார் லேபர் இலாகா, தஞ்சாவூர் ஜில்லாவில் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து, தவணையில் பணம் செலுத்தித் தொழிலாளர் சொந்த மனை பெறும்படி செய்தது. காற்றோட்டமுள்ள வீடும் ஜுரத்துக்கு மருந்தே. அவ்வேலை இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதை ஒவ்வொரு கிராமத்தாரும் தம் கண்ணாலேயே காணலாம்.

ஆகவே ஆவணி மாதத்துக் கமிட்டிக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். பத்து வீட்டுக்கு ஒருவர் இன்னாரென்று பெயர் எழுதுவது ஒன்று. கஞ்சிக்கும் ஐந்து நாள் கூலிக்கும் தொகை ஒதுக்குவது ஒன்று. ஜுரத்தால் படுத்தவருடைய வேலையும் தவணையும் கெடாதென்று ஊரறியத் தமுக்குப் போடுவது ஒன்று. ஜுரம் அவ்வருஷம் வராமற்போனால் ஒதுக்கிய தொகை சங்கத்திலேயே இருக்கும். வந்தால், கூலிக்காரன் கவலையின்றிப் படுப்பான். அவன் மனைவியும் படுப்பாள். அவர்கள் வாசலில் கஞ்சி வந்து நிற்கும். 1918-ம் வருஷத்தில் இல்லாமற்போனது அதுவே.